கூமாப்பட்டிக்கு வருடாவருடம் வரும் விருந்தாளிகள்

2025 ஜூனில் ஒரு ரீல்ஸ் வீடியோ கூமாப்பட்டியைத் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாக்கியது. பிளவக்கல் அணையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விளம்பரமே இல்லாமல் வருடாவருடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா?

புரட்டாசி, ஐப்பசியில் ஒரு காலை நேரம் ஓடைக்கரையோரம் நடந்து பாருங்கள். இமயமலைப் பக்கமிருந்து வந்த வாலாட்டிக் குருவி பாறைக்குப் பாறை தாவும். சமவெளிக்குப் போன நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் திரும்புவதும் இந்தச் சமயத்தில்தான். ஆண் பூச்சிகள் இணையைக் கவரும் வாசனைக்கான சரக்கைக் கிலுகிலுப்பை போன்ற செடிகளில்தான் உறிஞ்சி எடுக்கின்றன. அதையே களை என்று வெட்டி எறிவதற்குப் பெயர் சுத்தமா?

சுற்றுலா வரட்டும், ஊருக்கு நாலு காசு கிடைக்கட்டும். ஆனால் கரையோரச் செடிகளை விட்டுவையுங்கள். ரீல்ஸ் கூட்டம் அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்த விருந்தாளிகள்தான் அடுத்த வருடமும் வருவார்கள்!