பனி மலைக்குப் புறப்படுமுன்...

"மாமி, என் பெண் லீவில் சிநேகிதிகளோடு உத்தரகாண்டில் பனி மலை ஏறப் போறாளாம். ஸ்வெட்டர் வாங்கியாச்சு, முறுக்கும் பிழிஞ்சாச்சு. வேற என்ன வேணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

குளிரைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். பனிச்சரிவை நினைப்பதே இல்லை. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரகாசி மாவட்டத்தில், திரௌபதி கா டாண்டா மலையில் பயிற்சிக்குச் சென்றவர்கள் மேல் பனி சரிந்தது. இறந்தவர்களில் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அந்த வருஷம் மே மாதம்தான் 16 நாட்களுக்குள் எவரெஸ்ட், மகாலு இரண்டு சிகரங்களையும் தொட்டவர்! கைதேர்ந்தவர்களையே விடாத ஆபத்து இது.

பனி ஏன் சரிகிறது? தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, மேலே ஓர் அப்பளத்தை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். அப்பளம் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். மலையிலும் இதே கதைதான். முன்பு பெய்த பனி கடுங்குளிரில் சர்க்கரை போல் உதிரியாகிவிடும். அதன் மேல் புதுப்பனி பாளமாகப் படியும். பார்வைக்கு வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். ஒருவர் கால் வைத்தால் மொத்தமும் பெயர்ந்துவிடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம்.

ஆகவே, அழைத்துப் போகிறவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் மையம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்ப்பீர்களா?

2. பலத்த பனி பெய்தால் ஓரிரு நாள் காத்திருப்பீர்களா? பெய்து முடிந்த முதல் இரண்டு நாட்கள்தான் மிகவும் பொல்லாதவை.

3. ஆபத்தான சரிவுகள் வழியில் உண்டா? உண்டென்றால், ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, சிறு மண்வாரி இருக்குமா? உபயோகிக்கச் சொல்லித் தருவீர்களா? புதைந்தவரைப் பத்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரை மணி ஆனால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். கீழேயிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும்.

பெண்ணிடமும் சொல்லி அனுப்புங்கள்: "காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ, அந்தச் சரிவை விட்டுத் திரும்பிவிடு. பணம் கட்டியாச்சே என்று பார்க்காதே."

பக்கத்து வீட்டுக்காரி மறுநாளே போனில் கேட்டாளாம். மூன்றாவது கேள்விக்குச் சரியான பதில் இல்லை. பெண்ணுக்குக் கோபம்தான். ஆனாலும் நல்ல பயிற்சி தரும் வேறு குழுவாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

முறுக்கு தீர்ந்தால் என்ன? மறுபடி பிழிந்துகொள்ளலாம்!