80ஜி இல்லைன்னா நன்கொடையும் இல்லையா?

"சார், புது வரி முறைக்கு மாறிட்டேன். அதில் 80ஜி கழிவு கிடையாது. அப்புறம் எதுக்கு டொனேஷன்?"

மார்ச் மாசம் வந்தாலே நம்ம வீடியோக்களுக்குக் கீழே இந்தக் கேள்வி கண்டிப்பா இருக்கும். நியாயமான கேள்விதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி கணக்கைப் பார்த்துடுவோம்.

நீங்க 30% வரி வரம்பில் இருக்கீங்க, வருஷத்துக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுக்கறீங்கன்னு வெச்சுக்குவோம். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தா 80ஜி-யில் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதாவது 5,000 ரூபாய்க்கு. செஸ் சேர்த்து 31.2% போட்டா, மிச்சமாகிற வரி 1,560 ரூபாய். மாசக் கணக்கில் 130 ரூபாய்.

புது முறைக்குப் போனதால் நன்கொடை விஷயத்தில் நீங்க இழந்தது இந்த 130 ரூபாய்தான். நீங்க அந்த முறைக்கு மாறினதே மொத்த வரி குறையுதுன்னுதானே? அந்த மிச்சத்துக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லை. 80ஜி-யை புது முறையிலும் விட்டு வெச்சிருக்கலாம்ங்கறதுதான் என் கருத்து. ஆனா அது இல்லைங்கறதுக்காகக் கொடுக்கறதையே நிறுத்தறது கணக்குப்படியும் சரியில்லை.

பத்து சென்ட் செஞ்ச வேலை

அடுத்து வர்ற கேள்வி: "பில் கேட்ஸ் மாதிரி ஆளுங்க கோடிக் கோடியா கொடுக்கறாங்க. என் 500 ரூபாய் என்னத்த மாத்திடப் போகுது?"

இதுக்கு போலியோவோட கதைதான் சரியான பதில். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921-ல் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1938-ல் போலியோவை எதிர்க்க ஒரு அறக்கட்டளையை ஆரம்பிச்சார். மக்கள்கிட்ட கேட்டது ஒரே ஒரு 'டைம்', அதாவது பத்து சென்ட் காசு. வெள்ளை மாளிகைக்கே தபாலில் அனுப்பச் சொன்னாங்க. சில வாரங்களிலேயே 26 லட்சத்து 80 ஆயிரம் காசுகள் வந்து குவிஞ்சது.

முக்கியமான விஷயம், அது ஒரு வருஷத்தோட நிக்கலை. 1952-ல் அமெரிக்காவில் மட்டும் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு போலியோ வந்தது. அப்பவும் வருஷா வருஷம் சாதாரண மக்கள் காசு போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஜோனாஸ் சால்க்கோட தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அந்தப் பணம்தான் போச்சு. 1954-ல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் கலந்துக்கிட்ட பரிசோதனைக்கும் அதே பணம்தான். 1955 ஏப்ரல் 12-ல் தடுப்பூசி வேலை செய்யுதுன்னு அறிவிச்சாங்க. சொட்டு மருந்தை உருவாக்கின ஆல்பர்ட் சேபினோட ஆராய்ச்சிக்கும் அதே அறக்கட்டளை உதவி பண்ணியிருக்கு.

சின்ன வயசில் உங்க நாக்கில் ரெண்டு சொட்டு விட்டு, விரலில் மை வெச்சு அனுப்பினாங்களே, அதோட ஆரம்பப் புள்ளிகளில் ஒண்ணு முகம் தெரியாத யாரோ போட்ட பத்து சென்ட்.

"அதெல்லாம் அரசாங்கம் பண்ண வேண்டியதுதானே?"

பண்ணணும். பண்ணவும் செஞ்சது. 1985-ல் ரோட்டரி சங்கம் உலகம் முழுக்க போலியோவை ஒழிக்கணும்னு நிதி திரட்ட இறங்கினது. 1988-ல் உலக சுகாதார நிறுவனமும் நாடுகளும் அதைத் தங்களோட இலக்கா எடுத்துக்கிட்டாங்க. அப்போ 125 நாடுகளில் போலியோ இருந்தது. இந்தியாவில் 1995-ல் பல்ஸ் போலியோ தொடங்கினது. ஒரு தேசியச் சுற்றுக்கு சுமார் 17 கோடி குழந்தைகள், 23 லட்சம் பணியாளர்கள். இதை எந்த அறக்கட்டளையும் தனியா செய்ய முடியாது. செலவில் பெரும்பங்கு அரசு பட்ஜெட்டில் இருந்து, அதாவது நம்ம வரிப்பணத்தில் இருந்து வந்ததுதான்.

2009-ல் கூட இந்தியாவில் 741 பேருக்கு போலியோ. 2011 ஜனவரி 13-க்கு அப்புறம் இயற்கையா பரவற (வைல்ட்) போலியோ ஒருத்தருக்கும் வரலை. 2014 மார்ச் 27-ல் நமக்கு போலியோ இல்லாத நாடுங்கற சான்றிதழ் கிடைச்சது.

இதில் யார் என்ன வேலை பார்த்தாங்கன்னு கவனிங்க. ஜெயிக்குமா தோக்குமான்னு தெரியாத ஆராய்ச்சியில் துணிஞ்சு இறங்கினது நன்கொடைப் பணம். ஜெயிச்சதை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டு போனது வரிப்பணம். ஸ்டார்ட்அப் மொழியில் சொன்னா, நன்கொடைங்கறது முதல் ரவுண்டு முதலீடு. அதனால வரி கட்டறேன், என் கடமை முடிஞ்சதுன்னு சொல்றதும் அரைகுறை, நன்கொடையே உலகத்தை மாத்திடும்னு சொல்றதும் அரைகுறை.

போட்டோவுக்கு அழகா இருந்தா போதாது

எல்லா நன்கொடையும் இப்படி ஜெயிக்கலை. தென்னாப்பிரிக்காவில் 'பிளேபம்ப்'னு ஒண்ணு வந்தது. குழந்தைங்க ராட்டினம் சுத்தி விளையாடினா நிலத்தடி நீர் மேல தொட்டிக்கு ஏறும். கேக்கவே சூப்பரா இருக்கில்ல? 2006-ல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் தர்றதா அறிவிச்சாங்க. பக்கத்து நாடுகளிலும் வெச்சாங்க. கொஞ்ச நாளில் பல ஊர்களில் ராட்டினம் பழுதாகி நின்னது. சரி பண்ண ஆள் இல்லை. குழந்தைங்க விளையாடாத நேரத்தில் பெண்கள் அந்தக் கனமான சக்கரத்தைக் கையால் சுத்த வேண்டி வந்தது. சாதாரண கைப்பம்பே தேவலைன்னு ஆயிடுச்சு.

ஒரு திட்டம் பார்க்க அழகா இருக்கறதும் அது வேலை செய்யறதும் வேற வேற. அஞ்சு வருஷம் கழிச்சு யார் ரிப்பேர் பண்ணுவாங்கன்னு கேட்காத நன்கொடை, ரிட்டர்ன் மட்டும் பார்த்து ரிஸ்க் பார்க்காத முதலீடு மாதிரி.

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

1. முதல்ல உங்க வீடு. ஆறு மாச அவசர நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு பாக்கி இதையெல்லாம் சரி பண்ணுங்க. கடன் வாங்கித் தானம் வேண்டாம்.

2. அப்புறம் எஸ்ஐபி மாதிரி ஒரு சின்னத் தொகை. 300, 500, உங்களால முடிஞ்சது. மாசா மாசம் வருதுன்னு தெரிஞ்சாத்தான் ஒரு நிறுவனம் டீச்சருக்குச் சம்பளம் பேச முடியும். மார்ச் கடைசி வாரம் மொத்தமா வர்ற பணத்தை நம்பி யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது. ஒரே பெரிய பணக்காரரை நம்பி இருந்தா அவர் விருப்பப்படிதான் ஆடணும். 2,000 பேர் ஆளுக்கு 500 கொடுத்தா அந்தக் கட்டாயம் இல்லை.

3. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்குங்க. கண் சிகிச்சையோ, கிராமத்து நூலகமோ. அதில் மூணு வருஷமாவது நில்லுங்க.

4. ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் கேளுங்க. காட்டத் தயங்கினா நகர்ந்துடுங்க. அதே சமயம் "நிர்வாகச் செலவு எவ்வளவு"ன்னு மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நல்ல வேலைக்கு நல்ல ஆளுங்க வேணும், அவங்களுக்குச் சம்பளமும் வேணும்.

5. பழைய முறையிலேயே இருக்கீங்களா? 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா கழிவு கிடையாது. வங்கி வழியா கொடுத்து நன்கொடைச் சான்றிதழ் வாங்கிக்குங்க. "செக்கா கொடுங்க, கமிஷன் போக கேஷா திருப்பித் தர்றோம்"னு யாராவது சொன்னா அது நன்கொடையே இல்லை, வரி ஏய்ப்பு. நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும்.

வரி மிச்சம் ஒரு போனஸ். வந்தா சந்தோஷம். ஆனா போனஸ் இல்லைன்னு யாரும் வேலையை விடறதில்லையே? அடுத்த சம்பளம் வந்த மறுநாளுக்கு ஒரு ஆட்டோ டெபிட் போடுங்க. எந்தப் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்தீங்க, ஏன் அதைன்னு கமெண்ட்ல எழுதுங்க. தொகை எவ்வளவுன்னு சொல்ல வேண்டாம்.