கேள்வி கேட்பதும் கலகமா? தீவுகளின் ஊரடங்குக் காலம்

ஊரடங்குக்கு எதிரான போராட்டம் என்றதும், 2020 ஏப்ரல் 14 அன்று மும்பை பாந்த்ராவில் ஊர் திரும்ப வழிகேட்டுத் திரண்ட புலம்பெயர் தொழிலாளர்களும், சாத்தான்குளத்துக் காவல் மரணங்களுக்குப்பின் கடையடைத்த தமிழக வணிகர்களும் நினைவுக்கு வருவர். அந்தமானில் நம் கவனத்துக்குரியது கூட்டமன்று, ஒற்றைக் கேள்வி.

தொற்றாளருடன் தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்களை ஏன் வீட்டில் தனிமைப்படுத்துகின்றனர் என்று போர்ட் பிளேர்ப் பத்திரிகையாளர் ஒருவர் 2020 ஏப்ரல் 27 அன்று ட்விட்டரில் வினவினார், கைது செய்யப்பட்டார். பொது அமைதியைக் குலைக்கும் பொய்த்தகவல் என்பது காவல்துறையின் வாதம். தகவல் பிழையெனில் ஒரு வரி மறுப்பே போதுமானதாக இருந்திருக்கும்.

கட்டுப்பாடுகளே தேவையற்றவை என்பதன்று என் வாதம். பெரிய மருத்துவமனை ஒன்றையே நம்பியிருக்கும் தீவுக்கூட்டத்துக்கு எச்சரிக்கை இன்றியமையாதது. சில பத்துப் பேரே எஞ்சியுள்ள கிரேட் அந்தமானியரிடையே 2020 ஆகஸ்டில் தொற்று பரவியதே அதற்குச் சான்று. ஆனால் கட்டுப்பாட்டின் தேவை வேறு. விளக்கம் கேட்கும் உரிமையை மறுப்பது வேறு.

இங்கே நோய்த்தடுப்புக்குத் துணைநின்றது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். செல்லுலார் சிறையின் கட்டுமானம் தொடங்கியது 1896இல். இரண்டும் ஒரே ஆட்சிமனத்தின் படைப்புகள்: பிரித்து வை, விளக்கம் தராதே. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரியை வழக்கிலிருந்து காக்கிறது. 2020இல் சட்டத்தைத் திருத்தியபோது மருத்துவப் பணியாளர்க்கு உரிய பாதுகாப்பைச் சேர்த்தனர். தனிமைப்படுத்தப்பட்டவர் முறையிட வழியொன்றைச் சேர்க்கவில்லை.

தீவுகளில் இக்குறை மேலும் கூர்மையானது. சட்டப்பேரவை இல்லை, மக்களவையில் ஓர் உறுப்பினர் மட்டுமே. ஆட்சி, துணைநிலை ஆளுநர் வழியாக ஒன்றிய அரசின் கையில். கேள்வி எழுப்ப அவை இல்லாத இடத்தில் பத்திரிகையும் சமூக ஊடகமுமே மக்களின் அவை. அதையும் அடைத்தால் எஞ்சுவது வதந்தியே. வதந்தியோ நோய்த்தடுப்பின் முதற்பகை: அரசை நம்பாதவர் அறிகுறியை மறைப்பர், 1897இன் புனே பிளேக் காலம் தந்த பாடமும் இதுவே.

ஆகவே, தனிமைப்படுத்தும் ஆணை எழுத்தில் அமையவேண்டும். காரணமும் காலவரம்பும் கூறவேண்டும். சில நாட்களுக்குள் முடிவுசொல்லும் முறையீட்டு அலுவலர் வேண்டும். அடுத்த கொள்ளைநோய்க்குமுன் இவற்றைச் சட்டமாக்குவது கடினமன்று. பொதுநலச் சட்டம் பயில்வோர் இதனை விவாதப்பொருளாக்க வேண்டுகிறேன்.