பூச்சுக்கு முன்னாடி ஒரு தடவை சுவரைப் பாருங்க!

தோழர்களே, டைல்ஸ் கலருக்காக ஒரு வாரம் கடை கடையா ஏறி இறங்குறோம். சுவருக்குள்ள போற ஒயருக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்குறோம்? காடி வெட்டி, பைப் பதிச்சு, கொத்தனார் பூசி முடிச்சுட்டா உள்ளே என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அப்புறம் தண்ணி ஃபில்டர் மாட்ட ஒருத்தர் ட்ரில்லிங் மெஷினை வச்சு அழுத்தும்போதுதான் தெரியும்.

"ஒயர் பைப்புக்குள்ளதானே இருக்கு" என்பார்கள். பி.வி.சி. பைப் ட்ரில்லைத் தடுக்காது. வீட்டு உள்பூச்சு பொதுவா 12 மில்லிமீட்டர் கனம்தான், அதுக்குப் பின்னாடியே பைப். ஒரு ஆணி ஃபேஸ் ஒயரைத் தொட்டு நின்னுடுச்சுன்னு வைங்க. எம்.சி.பி. விழாது! அது ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும்தான் பார்க்கும். அந்த ஆணியைத் தொடுறவர் உடம்பு வழியா போற சின்ன கரண்ட் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குக் கண்ணிலேயே படாது. அதுக்குத்தான் ஆர்.சி.சி.பி. மத்திய மின்சார ஆணைய விதிப்படி வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுதான் உச்சவரம்பு. அதைத் தாண்டினா கண் சிமிட்டுற நேரத்துல சப்ளையை வெட்டிடும். எம்.சி.பி. இருக்குன்னு இதை விட்டுடாதீங்க.

பிரிட்டன் விதியைப் பாருங்க. சுவர்ல 50 மில்லிமீட்டருக்குள்ள கேபிள் போனா, சுவிட்ச்சிலிருந்து நேர் மேலே, கீழே, இல்லன்னா நேர் பக்கவாட்டுலதான் போகணும். சுவரோட மேல் ஓரத்திலும் மூலையிலும் 150 மில்லிமீட்டர் பட்டைக்குள்ள போகலாம். அதனால சுவிட்ச் இருக்கிற இடத்தைப் பார்த்தாலே எங்கே ட்ரில் பண்ணக் கூடாதுன்னு புரிஞ்சிடும். நம்ம ஊர்ல சில இடத்துல பைப் மிச்சம் பிடிக்க குறுக்கா, சாய்வா இழுக்குறாங்க. மிச்சமாகுறது ரெண்டு மீட்டர் பைப்!

நம்மகிட்ட விதி இல்லாம இல்ல. ஐ.எஸ். 732 இருக்கு. பைப்பை அதிக இடைவெளி விடாம பிடிக்கணும், ஒயர் ஜாயின்ட் பைப்புக்குள்ள இருக்கவே கூடாது, பாக்ஸ்லதான் போடணும். எல்லாம் சரிதான். ஆனா யார் பார்க்கிறது? மின் இணைப்புக்கு ஒப்பந்ததாரர் சோதனை அறிக்கையில கையெழுத்துப் போடும்போது சுவருக்கு பெயின்ட்டே அடிச்சிருப்பாங்க. மெக்கர் வச்சுப் பார்த்தா இன்சுலேஷன் தெரியும், ஒயர் போற பாதை தெரியுமா?

"இதுல கட்சிக்கு என்ன வேலை"ன்னு கமென்ட்ல கேட்கப் போறவங்களுக்கு: சொந்த வீடு கட்டுறவர் நின்னு பார்த்துக்கலாம். வாடகைக்கு வர்றவரும், அரசுக் குடியிருப்புல சாவி வாங்குறவரும் எப்படிப் பார்ப்பாங்க? அவங்களுக்காக அரசுதான் பார்க்கணும். பூச்சுக்கு முன்னாடி ஒரு ஆய்வு, ஒவ்வொரு சுவருக்கும் டேப் வச்சு எடுத்த போட்டோ. அந்தப் படத்தைச் சோதனை அறிக்கையோட இணைக்கணும், சாவியோட ஒரு நகல் குடியிருப்பவர் கைக்கும் வரணும். இதுக்குப் பெரிய பட்ஜெட்டெல்லாம் தேவையில்ல.

அதுவரைக்கும் உங்க தெருவுல காடி வெட்டுற சத்தம் கேட்டா இந்தப் பதிவை அந்த வீட்டுக்காரருக்கு அனுப்புங்க. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனான்னு கேட்கச் சொல்லுங்க. பூசுறதுக்குள்ள போட்டோ எடுக்கச் சொல்லுங்க.

#பூச்சுக்கு_முன்_ஆய்வு