குழந்தைக்கும் ரத்தக் கொதிப்பு!

“குழந்தைக்கு ரத்தக் கொதிப்பா? அது வயதானவர்களுக்கு வருவது அல்லவா?” என்று பலரும் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. டாக்டர்களும் அதே நினைப்பில் இருந்துவிட்டால்தான் ஆபத்து.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் குல்லாய் வைத்ததுபோல ஒரு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்று பெயர். பயத்தில் நெஞ்சு படபடக்கிறதே, அது இந்தச் சுரப்பியின் வேலை. பயம் தெளிந்தால் படபடப்பும் அடங்கிவிடும். ஆனால் அங்கே ‘பியோகுரோமோசைட்டோமா’ என்ற கட்டி முளைத்துவிட்டால், பயமே இல்லாமல் உடம்பு பயந்துகொண்டிருக்கும்! தலைவலி, வியர்வை, படபடப்பு எல்லாம் வரும். பெரியவர்கள் பலருக்கு ரத்த அழுத்தம் விட்டுவிட்டு ஏறும். குழந்தைகளுக்கோ பெரும்பாலும் ஏறியது இறங்குவதில்லை. ஓயாமல் அடிபடும் இதயம் தடித்து, பிறகு தளர்ந்துபோகிறது.

1886-ம் ஆண்டிலேயே ஜெர்மனியில் பிரைபர்க் நகர டாக்டர் பிராங்கெல் இதை எழுதி வைத்தார். 18 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். உடலைச் சோதித்தபோது இரண்டு அட்ரினல்களிலும் கட்டி! அவளுடைய குடும்ப வழியினரை ஆராய்ந்து, இது பரம்பரைக் கோளாறு என்று 2007-ல் கண்டார்கள். ஆகவே ஒரு குழந்தைக்கு இந்தக் கட்டி இருந்தால், உடன்பிறந்தவர்களையும் சோதிப்பதுதான் முறை.

நோய் அபூர்வம்தான். அதனாலேயே தலைவலிக்கு ஒரு மாத்திரை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி என்று காலம் போய்விடுகிறது. காலத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வழி உண்டு. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்தை முதலில் சில நாட்கள் கொடுக்க வேண்டும்; அதன் பிறகே ஆபரேஷன். படபடப்பை அடக்கும் ‘பீட்டா’ மாத்திரையை முந்திக்கொண்டு கொடுத்தால் அழுத்தம் இன்னும் எகிறும். கட்டியை எடுத்துவிட்டால், தளர்ந்த இதயமும் பல சமயம் தேறிவிடுகிறது.

இத்தனைக்கும் முதல் படி என்ன? ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது! 3 வயது முதல் ஆண்டுக்கு ஒரு முறை அளக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் சொன்னது. எடை பார்க்கிறார்கள், ஜுரம் பார்க்கிறார்கள். இதற்கு மட்டும் என்ன தயக்கம்? டாக்டர் மறந்தால் தாயார் கேட்கட்டும். குழந்தைக்கு ஏற்ற சின்னப் பட்டை இருக்கிறதா என்றும் கேட்கட்டும். பெரியவர்களின் பட்டையைப் பிஞ்சுக் கையில் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும்; இருக்கிற கொதிப்பும் தெரியாமல் போய்விடும்.