காந்தம் ஒட்டாத சைக்கிள்!

போன வாரம் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதிவிட்டு, நாலு நாள் மெஸ் பக்கமே தலைகாட்ட முடியாமல் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளியது தனிக்கதை. அதனால் இந்த வாரம் சாப்பாட்டு மேட்டர் வேண்டாம்... சைக்கிள் மேட்டர்!

கோயம்புத்தூரில் மாமா வீடு. போகிக்கு முந்தின நாள். "பரணைக் காலி பண்ணுனாத்தான் இந்த வீட்டுல பொங்கல்" என்று அத்தை அல்டிமேட்டம் கொடுக்க, மேலே ஏறியது அடியேன். கீழே பழைய இரும்புக்காரர் தராசோடு ரெடி. ஓட்டை அண்டா, உடைந்த டேபிள் ஃபேன், கடைசியாக பெட்ஷீட் சுற்றிய ஒரு சைக்கிள். பெயின்ட்டே இல்லை. சாம்பல் கலந்த வெள்ளியாக ஒரு மாதிரி மங்கலான பளபளப்பு.

இரும்புக்காரர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஃப்ரேமில் வைத்தார். ஒட்டவில்லை. கீழே விழுந்தது.

"இரும்பு இல்லீங்க. அலுமினிய ரேட் போட்டுக்கலாமுங்களா?"

அத்தை தலையாட்டப் போன நேரம், பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் மட்டும் வந்தது. "அது டைட்டானியம். குடுக்கறதில்லை."

அத்தோடு பேப்பர் மூடிக்கொண்டது!

மாமா 90-களில் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம் வேலை பார்த்தவர். அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிய மௌன்டன் பைக் இது. பெயர் மெர்லின். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். சைக்கிளும் கூடவே வந்தது. வந்த பிறகு அதில் ஒரு நாள்கூட அவர் ஏறியதில்லை. தாத்தா போன பிறகும் ஏறவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

இப்போது மாமாவுக்கு சுகர். டாக்டர் நடக்கச் சொல்கிறார். மாமா கேட் வரைக்கும் நடக்கிறார்.

"நான் ரெடி பண்ணித் தர்றேன் மாமா. நீங்க ஓட்டணும்" என்று சவால் விட்டுவிட்டேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷமாச்சே! (மெட்டலர்ஜியில் அரியர் இருப்பதை அப்போது யாரும் ஞாபகப்படுத்தவில்லை.)

சரி, இந்த சைக்கிளின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியாவில் மரின் கவுன்ட்டி என்று ஒரு மலைப்பக்கம். 70-களில் அங்கே சில பசங்க, குண்டு டயர் போட்ட அரதப்பழசு சைக்கிள்களை மலை மேலே கொண்டுபோய், மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-ல் அதையே ரேஸாக நடத்தினார்கள். பேர், 'ரீபேக்'. அந்தக் காலத்து சைக்கிளில் பிரேக், பின் வீலின் ஹப்புக்குள் இருக்கும். ஒரே இறக்கத்தில் அது சூடேறி, உள்ளே இருக்கும் க்ரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி இறங்கணும்னா புது க்ரீஸ் அடைக்கணும். அதான் 'ரீ-பேக்'! அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள்தான் பிறகு மௌன்டன் பைக்கை ஒரு தொழிலாகவே மாற்றினார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1986-ல், பாஸ்டனை ஒட்டிய சோமர்வில்லில் மெர்லின் கம்பெனி ஆரம்பமானது. விமானத்தில் ஹைட்ராலிக் ஆயில் ஓடும் குழாய்க்கென்று உருவான ஒரு டைட்டானியம் கலவை உண்டு. 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். அந்த வகைக் குழாயில் சைக்கிள்! ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.8 கிராம் என்றால், டைட்டானியம் 4.5 கிராம்தான். துருவே பிடிக்காது. பெயின்ட் தேவையில்லை.

"டி.ஐ. சைக்கிள்தான் நம்மூர்லயே இருக்கே" என்கிறீர்களா? நானும் சின்ன வயசில் அப்படித்தான் நினைத்தேன். அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த அந்த 'டி.ஐ.' வேற... டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்! ஆனால், டைட்டானியத்துக்கும் நமக்கும் நிஜமாகவே சொந்தம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கருப்பாகக் கிடக்கும் மணலில் இருக்கிற இல்மனைட், டைட்டானியத்தின் தாதுதான். உலகத்தில் தோண்டியெடுக்கும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி வெள்ளை பெயின்ட்டுக்குப் போகிறது. உலோகமாக்குவதுதான் காஸ்ட்லி. முதலில் குளோரினோடு சேர்த்து, அப்புறம் மெக்னீசியம் வைத்துப் பிரிக்கணும். 1940-ல் வில்லியம் க்ரோல் கண்டுபிடித்த இந்த முறைதான் இன்றைக்கும் பெருமளவில் நடக்கிறது.

இப்போ பிரச்னைக்கு வருவோம். எங்க ஏரியா சைக்கிள் கடை அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டயர் வெடித்து, பிரேக் ரப்பர் கல்லாகி, க்ரீஸ் மெழுகாகிக் கிடந்தது. இதெல்லாம் மாற்றினால் தீர்ந்தது. பெடல் அச்சு ஓடும் கப்பைக் கழற்ற நான் ஸ்பேனரைப் போட்டு முக்கினேன். அசையவில்லை.

"கண்ணு, வலது பக்கம் உல்டா மரை. பெடல் சுத்தற சுத்துல தானா கழண்டு வந்துறக் கூடாதுல்ல? நம்மூரு பழைய சைக்கிள்லயும் அப்படித்தான். படிக்கற புள்ளைக்கு இது தெரியாதா?"

மரை கழண்டது கப்புக்கு இல்லை, எனக்குத்தான்! டயரிலும் ஒரு பல்ப். அண்ணன் கடையில் இருந்த 26 இன்ச் டயர் இதற்குச் சேரவில்லை. சாதா சைக்கிள் 26 வேற, மௌன்டன் பைக் 26 வேற. ரிம்மின் விட்டமே மூணு சென்டிமீட்டர் வித்தியாசம்.

ஆனால், நிஜமான வில்லன் சீட்டைத் தாங்கும் குழாய். சீட் போஸ்ட். அது அலுமினியம். ஃப்ரேமுக்குள் போய் அப்படியே இறுகிவிட்டது. மாமாவின் முட்டி இப்போது முன்ன மாதிரி இல்லை. சீட்டை இறக்கினால்தான் ஓட்ட முடியும். இறங்கினால்தானே!

துருப் பிடிக்காத டைட்டானியத்தில் எப்படி இறுகும்? இரண்டு வெவ்வேறு உலோகம் ஒட்டியிருந்து, நடுவில் உப்புத்தண்ணி சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். டைட்டானியத்துக்கு ஒண்ணும் ஆகாது. அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். பாஸ்டனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு, மாமாவின் வியர்வை, இருபது வருஷப் பரண்... போதாதா? 'கால்வானிக் கரோஷன்' என்று ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிய அதே சமாசாரம் என் முன்னால் உட்கார்ந்திருந்தது!

ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, கப் கழற்றிய ஓட்டை வழியாகத் தினமும் ராத்திரி ஆயில் விட்டேன். ஒன்பது நாள். அசையவில்லை. ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு போஸ்ட்டைக் கீறி எடுக்கலாம் என்றேன். அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார். "ஃப்ரேமுல பட்டா யாரு ஒட்டறது?" நியாயம்தான். சூடான டைட்டானியம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்க ஆரம்பித்துவிடும். குழாய்க்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்பித்தான் வெல்டிங் வைக்கணும். தெருமுனைக் கடையில் நடக்கிற வேலை இல்லை.

"அப்போ சூடு காட்டுவோம்ணா!" அண்ணன் கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டார். அதுவரை வாசல் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்த மாமா வாயைத் திறந்தார்.

"மாப்ளே... எது அதிகமா விரியும்?"

யோசித்தேன். ஒரு மீட்டர் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்கினால் 23 மைக்ரான் விரியும். டைட்டானியம் 9 மைக்ரான்கூட விரியாது. உள்ளே இருப்பது அலுமினியம். சூடு காட்டினால் இன்னும் இறுகும்! பண்ண வேண்டியது நேர் எதிர்... குளிர வைக்கணும்!

ஐஸ்க்ரீம் சப்ளை பண்ணும் ஒருத்தரிடம் ட்ரை ஐஸ் வாங்கினோம். மைனஸ் 78 டிகிரி. கனமான கையுறை போட்டு, காற்றோட்டமாகத் தெருவில் வைத்துச் செய்தோம். (வெறும் கையால் தொட்டால் தோல் போய்விடும் மக்களே.) போஸ்ட்டின் தலையை வைஸில் கடித்து, ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, அதே ஓட்டை வழியாக போஸ்ட்டுக்குள் துண்டு துண்டாகப் போட்டோம். கணக்குப்படி நூறு டிகிரி இறங்கினால் கிடைக்கும் இடைவெளி 40 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை.

பத்து நிமிஷம் கழித்து ஃப்ரேமை நான் ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் பிடித்துத் திருகினோம். 'டொக்' என்று ஒரு சத்தம். ஃப்ரேம் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். உடையவில்லை. திரும்பியது!

அடுத்த ஞாயிறு காலை அஞ்சரை மணி. மருதமலை அடிவாரம் பக்கம் ஒரு மண் பாதை. புது போஸ்ட், சீட் இரண்டு சென்டிமீட்டர் கம்மி. முதலில் நான்தான் ஓட்டிப் பார்த்தேன். சஸ்பென்ஷன் கிடையாது. பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறது. ஆனால் கல்லில் ஏறினால் அந்த அதிர்வு சீட்டுக்கு வருவதற்குள் பாதியாகிவிடுகிறது. ஏத்தத்தில் ஒரு மிதி மிதித்தால் வண்டி முந்திக்கொண்டு போகிறது. அப்புறம் மாமா ஏறினார். முதல் திருப்பத்தில் கொஞ்சம் தடுமாறினார். அப்புறம் ஆளைக் காணோம்!

இருபது நிமிஷம் கழித்து, சட்டையெல்லாம் நனைந்து திரும்பி வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் கேட்டேவிட்டேன். "ஏன் மாமா இத்தனை வருஷம் தொடவே இல்லை?"

"அப்பா படுக்கையில இருக்கறப்ப நான் மட்டும் ஜாலியா மிதிச்சுட்டு வர மனசு வரலை. அப்புறம் அதுவே பழகிப்போச்சு." டீயைக் குடித்தார். "தப்பு என்மேலதான்டா. கழட்டி க்ரீஸ் போட்டு வெச்சிருந்தா அப்பவே போஸ்ட் இறுகியிருக்காது. துருப் பிடிக்காதுன்னு நம்பி விட்டுட்டேன்."

இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போஸ்ட்டைக் கழற்றித் துடைத்து, இறுகாமலிருக்க காப்பர் பேஸ்ட் தடவி மாட்டணும். அதற்காகவே நான் கோவை போகணும். ட்ரெயின் டிக்கெட் மாமா செலவு!

அரியர் என்னாச்சு என்று கேட்காதீர்கள். கால்வானிக் கரோஷன் கேள்வி வந்தது. ரெண்டு மார்க்குக்கு நாலு பக்கம் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ரிசல்ட்டுக்கு வெயிட்டிங். அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!