குழிக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

பசுமைக் கட்டடம் என்றால் மின்கட்டணம் குறையும் கட்டடம் என்றே பெரும்பாலும் புரிந்துவைத்திருக்கிறோம். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: கட்டடம் எழுந்த பிறகு அந்த இடத்து மண்ணும் நீரும் முன்பைவிடத் தேறியிருக்கின்றனவா? தேற முடியும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில் சான்று. 1968இல் அது தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலத்தில் மரங்கள் அரிது. ஒவ்வொரு பெருமழையும் செம்மண்ணை அரித்துக் கடலில் சேர்த்தது. குடியேறியவர்களும் சுற்றுவட்டார ஊர்மக்களும் வரப்பு உயர்த்தி, ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி, மரம் நட்டார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. மழைநீர் நிலத்துக்குள் இறங்குகிறது.

கட்டடக் கலைக்கு இதில் என்ன பங்கு? ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பரப்பிவரும் முறையில், மேல்மண்ணைத் தோட்டத்துக்கென ஒதுக்கிவிட்டு, அடிமண்ணைச் சலித்து, சுமார் 5 விழுக்காடு சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள். சூளையும் இல்லை, விறகும் இல்லை. சில வாரம் ஈரம் காத்தால் கல் இறுகிவிடும். ஆனால் கல்லைவிட முக்கியமானது, மண் எடுத்த குழி. செங்கல்லுக்காக மண் வெட்டிய வயல் பள்ளமாகிப் பாழாவதே நம் ஊர்களில் வழக்கம். இங்கோ குழி எவ்வளவு ஆழம், பிறகு அது என்னவாகும் என்பது வீடு கட்டும் முன்பே முடிவாகிறது. அது மழைநீர்க் குளமாகலாம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியாகலாம், வீட்டின் கீழ்த்தளமாகவே ஆகலாம். ஆரோவில்லின் விகாஸ் குடியிருப்பில் இக்கற்களாலேயே நான்கு தளங்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

மண் சுவர் மழையில் கரையாதா என்ற அச்சம் இயல்பானது. பச்சை மண் கரையும். சிமென்ட் சேர்த்து அழுத்திய கல் கரையாது. அதற்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது. ஆள்கூலி கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் தொலைதூர ஆலைக்குப் போகாமல் உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போகிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை. வலுவான மறுப்பு வேறு: ஆரோவில்லுக்கு நிலமும் நன்கொடையும் இருந்தன, நெருக்கடியான சென்னைக்கு இது பொருந்துமா? அப்படியே பொருந்தாது. களி மிகுந்த மண்ணில் இந்தக் கல்லை எளிதாகச் செய்ய முடியாது. பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலமோ கட்டடமே வேண்டாம் என்கிறது. இடம் சொல்வதைக் கேட்பதுதான் பொதுவிதி. கல் அதன் ஒரு விளைவு மட்டுமே. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாடு, கட்டட அனுமதி விண்ணப்பத்தில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: மண் எங்கிருந்து வருகிறது, எடுத்த பள்ளம் என்னவாகும்? புதிய அரசுப் பள்ளிகளிலிருந்து இதைத் தொடங்கலாம்.